ஈரல் வாங்கிய மார்க்

பங்குனி பிறந்து, பருத்திக்காட்டில் மூன்றாம் எடுப்பு நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான், தன் வீட்டுக்காரர் குடிக்கப் பழகிவிட்டார் என்கிற முடிவுக்குச் சங்கரம்மாள் வந்தாள்.

லேசில் வந்த முடிவு இல்லை அது. உச்சிமாகாளி ஐம்பதை நெருங்கிய மனுஷன். கருவேலன்பட்டியில் அவரைப்போல் கறாரான சம்சாரி கிடையாது. பீடி இல்லை, வெற்றிலை இல்லை. கல்யாண வீட்டில் சோடா உடைத்துக் கொடுத்தால்கூட மூக்கில் வைத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அரசாங்கம் சாராயக்கடையை மறுபடியும் திறந்துவிட்டிருந்த காலம். கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஓலைக்கொட்டகை போட்டு இந்த ஊருக்கும் ஒரு கடை வந்தது. வந்த அன்றைக்கே, "இனி இந்தப் பாதையில மனுசன் நடக்க முடியாது" என்று சொல்லி, காட்டுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தவர் அவர்.

அப்படிப்பட்டவர் இப்போது பொழுது அடைகிற நேரத்துக்கு அந்தக் கண்மாய்ப் பக்கமிருந்தே வருகிறார். நேராக நடந்து வந்தாலாவது பரவாயில்லை. கவட்டை அகட்டி, ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயுமாக வைத்து வருகிறார். வேட்டியெல்லாம் கரிசல் புழுதி. ஒருநாள் முழங்கையில் சிராய்ப்பு, இன்னொரு நாள் நெற்றியில் புடைப்பு. கேட்டால், "வரப்பு இடறிருச்சு" என்பார். பிறந்ததிலிருந்து நடக்கிற வரப்பு, இந்தப் பங்குனியில்தான் இடற வேண்டுமா?

அதைவிட மோசம், அவர் சிரித்தார். கம்பஞ்சோற்றைக் கருவாட்டுக் குழம்பில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்திச் சுவரைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். ஒரே மகளைக் கடம்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். சிரிக்கிற மாதிரி அவள் ஒன்றும் சொல்லவில்லை; சுவரும் சொல்லியிருக்காது. பக்கத்தில் போனால் ஒரு வாடை வேறு. தைலமா, மண்ணெண்ணெயா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மதியக் கஞ்சிக்கு உடைமர நிழலில் உட்கார்ந்தபோது, பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏட்டி சங்கரம்மா, மடியில இருக்க பருத்தி கனக்கா, இல்ல மனசு கனக்கா?"

சங்கரம்மாள் கொட்டிவிட்டாள். சுந்தரம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் பேர் கடற்கரை; ஊரறிந்த குடிகாரர். அதனால் இந்த விஷயத்தில் அவள் பேச்சுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு.

"காலு கோணுதா?"

"கோணுது மதினி."

"தானாச் சிரிக்காரா?"

"சிரிக்காரு."

"பாட்டு?"

"நேத்தைக்கிக் குளிக்கையில லேசா மொனங்குனாரு."

"அப்ப சந்தேகமே இல்ல. பாட்டு வந்திருச்சுன்னா ரெண்டாவது கிளாசத் தாண்டியாச்சுன்னு அர்த்தம்" என்று தீர்ப்புச் சொன்னாள் சுந்தரம்மாள். "பயப்படாத. புதுசாப் பழகுனதுல்லா, சட்டுனு நிப்பாட்டிரலாம். சந்தையில ஒருத்தன் குடி மறக்கப் பொடி விக்கான். மோருல ஒரு சிட்டிகை கலந்து குடு. குடிக்கிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா கேக்காது."

"நம்ம அண்ணாச்சிக்குக் குடுத்துப் பாத்தீங்களா?"

"அது முத்திப்போன கேசுட்டி. அதுக்குப் பொடி பத்தாது, மூடைதான் வாங்கணும்."

அடுத்த சந்தையில் சுந்தரம்மாளே போய், பொடிக்காரரிடம் உச்சிமாகாளியின் கதையைச் சொல்லிப் பொட்டலம் வாங்கி வந்தாள். பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். சங்கரம்மாள் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தாள்; வேப்பங்கொழுந்தை எட்டிக்காயோடு சேர்த்து அரைத்த மாதிரி கசந்தது. மோரில் உப்பைக் கூட்டி, பெருங்காயத்தைக் கூட்டி, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டுக் கலந்து கொடுத்தாள். உச்சிமாகாளி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னைக்கி மோரு நல்லா ஒறைப்பா இருக்குட்டி" என்று செம்பை நீட்டினார். பாவமாக இருந்தது. ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் அவர் கண்மாய்ப் பக்கமிருந்து முன்னைவிடக் கோணலாக வந்தார். பாவம் போய்விட்டது. மறுநாள் இரண்டு சிட்டிகை போட்டாள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் பொடி வேலையைக் காட்ட ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் ஓங்கரித்தார். துவையலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினார். சங்கரம்மாளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வாந்தி வந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தமாம். பொடிக்காரர் சொன்னதாகச் சுந்தரம்மாள் சொல்லியிருந்தாள். சந்தோஷத்தில் ரசத்திலும் ஒரு சிட்டிகை போட்டாள்.

ஆனால் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது அவர் எழுந்து வெளியே போய் உட்கார்ந்தது அவளுக்கு உதைத்தது. மகள் கடம்பூரிலிருந்து போளி கொடுத்தனுப்பினாள். சாதாரணமாக ஓலைப்பெட்டியைத் திறக்குமுன் இரண்டு போளி காணாமல் போகும். இந்தத் தடவை மோந்து பார்த்துவிட்டு, "நீயே தின்னு" என்று தள்ளிவிட்டார். கண்மாய்ப் பக்கமும் போகவில்லை. உழைப்பாளி மனுஷன், வெயில் ஏறுகிற நேரத்தில் சுருண்டு படுத்தார்.

"என்ன செய்யுது?"

"என்னன்னு சொல்லத் தெரியலட்டி. ஒடம்புல சாரமில்ல. நெஞ்சுக்குக் கீழ வலப்பக்கம் கல்லக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு."

சங்கரம்மாள் போளியைத் தின்னவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனாள்.

டாக்டர் ராமலட்சுமியின் ஆஸ்பத்திரி, தீப்பெட்டி ஆபீஸ்கள் இருக்கிற தெருவின் கடைசியில் இருந்தது. டாக்டரம்மா எட்டயபுரத்துப் பக்கத்துக்காரி. மெட்ராஸில் படித்தும் பேச்சு மாறாதவள். உச்சிமாகாளியைக் கட்டிலில் படுக்க வைத்து வலப்பக்க விலாவுக்குக் கீழே அமுக்கினாள். முழங்கையையும் முழங்காலையும் பார்த்தாள்.

"எங்க விழுந்தீங்க?"

"வரப்புல."

"இத்தன தடவையா?"

"பெரிய வரப்பு."

"குடிப்பழக்கம் உண்டா?"

உச்சிமாகாளி படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எங்க வம்சத்துலயே கெடையாது தாயி. கொலதெய்வத்து மேல சத்தியம்."

டாக்டரம்மா சங்கரம்மாளைப் பார்த்தாள். சங்கரம்மாள் சுவரில் தொங்கிய காலண்டர் குழந்தையைப் பார்த்தாள். சாமி மேல் பொய்ச்சத்தியம் செய்கிற அளவுக்குப் போய்விட்டாரே என்று நினைத்தாள்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர மதியம் ஆகும் என்றதால் இரண்டு பேரும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். அவர் ஒரு ஓரத்தைக் கடித்துவிட்டு வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். வெயில் ரோட்டில் தண்ணீர் மாதிரி நெளிந்தது.

திரும்பிப் போனபோது டாக்டரம்மா கையில் காகிதம் இருந்தது.

"எஸ்.ஜி.பி.டி. எறநூத்தி எம்பது. எஸ்.ஜி.ஓ.டி. நூத்தி எழுவது."

"பஸ் கம்பெனிப் பேரு மாதிரில்லா இருக்கு" என்றார் உச்சிமாகாளி. "அது யாரு வாங்குன மார்க்கு?"

"உங்க ஈரலு."

"எத்தனைக்கு?"

"எத்தனைக்குன்னா... நாப்பது இருந்தாப் போதும்."

உச்சிமாகாளியின் முகம் பல நாளைக்குப் பிறகு மலர்ந்தது. "நாப்பது போதும்ங்கிற எடத்துல எறநூத்தி எம்பதா!" சங்கரம்மாள் பக்கம் திரும்பினார். "பாத்தியாட்டி? சின்ன வயசுல சாப்பிட்ட கம்பும் சோளமும் சும்மாவா போகும்?"

"ஐயா, இது கூடுனாக் கேடு."

"கூடுனாக் கேடா? இது என்ன படிப்பு!"

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உங்க வீட்ல குலுக்கை இருக்கா?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணுல கம்பு, ஒண்ணுல சோளம்."

"கம்பு குலுக்கைக்குள்ளதான இருக்கணும்? ஒருநாள் காலையில எந்திரிச்சுப் பாக்கீங்க, தரையெல்லாம் கம்பு சிந்திக் கெடக்கு. என்ன நெனைப்பீங்க?"

"குலுக்கையில ஓட்டைன்னு நெனைப்பேன்."

"அதேதான். ஈரலுக்குள்ள சில சரக்கு உண்டு. அது உள்ளயே இருக்க வேண்டியது. கொஞ்சம்போல வெளிய கலக்கும், அதுதான் நாப்பது. ஈரலுக்கு அடிபட்டா உள்ள இருக்கது ரத்தத்துல சிந்தும். நாங்க அளந்து பாத்தது சிந்துனத. உங்களுக்கு நெறையச் சிந்திருக்கு."

உச்சிமாகாளி யோசித்தார். கம்பு என்றதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் வாடிவிட்டது. "ஓட்டை போட்டது யாரு? எலியா?"

"அத இந்தக் காகிதம் சொல்லாது. சிந்துன கம்ப வச்சு எலி கடிச்சுதா, ஈரம் அரிச்சுதான்னு சொல்ல முடியுமா? காமாலைக் கிருமியா இருக்கலாம். சாராயமா இருக்கலாம். பருத்திக்கு அடிக்கிற மருந்து ஒடம்புல பட்டிருக்கலாம். மாத்திரை, லேகியம், நாட்டுப்பொடி, எதுவும் இருக்கலாம்."

சங்கரம்மாள் பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லுதேன்" என்றாள் டாக்டரம்மா. "குடிச்சுக் கெட்ட ஈரல்னா பொதுவா இந்த ஓ.டி.தான் கூட நிக்கும். இவியளுக்கு பி.டி.தான் கூட நிக்கி. அத மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இவிய குடிக்கலைன்னு சொல்லுதத நான் நம்புதேன்."

சங்கரம்மாள் உட்கார்ந்திருந்த பெஞ்சு ஆடியது. குடிக்கவில்லையா? அப்படியானால் அந்தக் கோணல் நடை? சிரிப்பு? வாடை? அதெல்லாம் என்னவாக இருந்தாலும் இருக்கட்டும். குடிக்காத மனுஷனுக்கா இத்தனை நாளாகக் குடி மறக்கப் பொடி போட்டோம்?

"பொடி, லேகியம், ஏதாவது சாப்பிடுதீங்களா ஐயா?"

"ஒண்ணும் கெடையாது தாயி. வீட்டுச் சோறு, வீட்டு மோரு. இவ கையால குடுக்கது தவிர வேற எதும் உள்ள போறதில்ல" என்று உச்சிமாகாளி பெருமையாகச் சொன்னார்.

வெளியில் வாங்கிய மாத்திரை எதுவும் போடக்கூடாது, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், வெயிலில் வேலை செய்யாமல் ஓய்வெடுக்கணும், இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கணும் என்று டாக்டரம்மா சொன்னாள். "இன்னும் கூடிச்சுன்னா பாளையங்கோட்டைக்குத்தான் அனுப்பணும். அங்க ஈரலுக்குள்ள ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பாப்பாங்க."

ஊசி என்றதும் உச்சிமாகாளி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். தெருவுக்கு வந்ததும், "துணுக்குன்னா எவ்வளவுட்டி இருக்கும்?" என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி அவள் கேட்டதே இல்லை. அவள் நின்றாள்.

"நீங்க இங்கனயே நில்லுங்க. பைய மறந்து வச்சிட்டேன்."

"கையில இருக்கது என்னது?"

"இது வேற பை" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

டாக்டரம்மா அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனவள், சங்கரம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். சங்கரம்மாள் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "போலீஸ்ல சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னா டேசன்ல எடம் பத்தாதும்மா. இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு" என்றாள் டாக்டரம்மா. கோபமாகத்தான் இருந்தாள். ஆனாலும் கத்தவில்லை. "அந்தப் பொடியில என்ன கெடக்குன்னு வித்தவனுக்கே தெரியாது. இன்னையோட நிப்பாட்டுங்க. மிச்சத்தக் கொண்டாந்து எங்கிட்டக் குடுங்க. ஈரலு லேசுல சாகாது, அடிக்கிற கையை எடுத்துட்டா அதுவே தேறும். ஆனா ஒண்ணு. என்ன தின்னோம்னு தெரிய வேண்டியது அவியளுக்கு. நான் சொல்லட்டா, நீங்க சொல்லுதீங்களா?"

"நானே சொல்லுதேன்" என்றாள் சங்கரம்மாள்.

சொல்லத்தான் வாய் வரவில்லை. பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தாள். பக்கத்தில் கோழிக்கூடையோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். ரோட்டில் இறங்கி ஊருக்கு நடக்கும்போது யாரும் இல்லை. இரண்டு பக்கமும் எடுத்து முடித்த பருத்திமார், தூரத்தில் கானல். மடத்துப் புளியமரத்தில் சொல்லலாம் என்று நினைத்து, புளியமரம் வந்ததும் அடுத்த ஓடைப்பாலத்தில் சொல்லலாம் என்று தள்ளி, ஓடைப்பாலத்தில் அவரே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டதால் வேறு வழியில்லாமல் சொன்னாள்.

உச்சிமாகாளி வேட்டி மடிப்பிலிருந்த கடலை மிட்டாயை எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மோருலயா?"

"ஆமா."

"தெனமுமா?"

"ரசத்துலயும் ஒரு நாளு."

"எந்த ரசம்?"

"புது மல்லி அரைச்சு வச்சேன்லா, அது."

"அது நல்லாருந்துச்சேட்டி!" என்றார் தாங்கமாட்டாமல். பிறகுதான் கோபம் வந்தது. "கட்டுன புருசனுக்கு வெசமாட்டி வச்ச? நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"நீங்க குடிச்சிட்டு வந்தீங்கன்னுதான செஞ்சேன்!" சங்கரம்மாளுக்கு அழுகை முட்டியது. "காலு கோணிச்சு. தானாச் சிரிச்சீங்க. மேலெல்லாம் காயம். குடிக்கலன்னா அந்தச் சாராயக்கடைப் பக்கம் உங்களுக்கு என்ன சோலி? சொல்லுங்க."

உச்சிமாகாளி வாயைத் திறந்தார், மூடினார். ஓடையைப் பார்த்தார். காய்ந்த ஓடையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"குடிச்சேன்னே வச்சுக்கோ."

"என்னது?"

"குடிச்சேன். போதுமா? எந்திரி, போவோம்."

"டாக்டரம்மாவே குடிக்கலன்னு சொல்லிட்டாவ. கொலதெய்வத்து மேல சத்தியம் பண்ணுனீங்க. இப்ப ஏன் மாத்திப் பேசுதீங்க?"

அவர் காதுமடல் சிவந்துவிட்டது. கல்லை எடுத்து ஓடையில் எறிந்தார். இன்னொரு கல்லைத் தேடினார். அது கிடைக்கவில்லை.

"சைக்கிள் பழகுனேன்" என்றார்.

மழை பொய்த்த போன வருஷம் தீவனமில்லாமல் வண்டிமாட்டை விற்றாகிவிட்டது. அதிலிருந்து உர மூடைக்கும் சந்தைக்கும் நடைதான். வழியில் பார்க்கிறவனெல்லாம் பிரேக்கைப் பிடித்து, 'மாமா, பின்னால ஏறுங்க' என்கிறான். இரட்டை மாட்டு வண்டியில் முன்னால் உட்கார்ந்து ஓட்டிப் போன மனுஷன், நேற்றுப் பிறந்த பயல் மிதிக்க, கேரியரில் காய்கறிக் கூடை மாதிரி காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மானம் தாங்கவில்லை. ரோட்டோரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிற வெயிலுமுத்துவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, வற்றிய கண்மாய்க்குள் ஆள் பார்க்காத நேரத்தில் பழக ஆரம்பித்தார். அங்கேயோ தரையெல்லாம் கரிசல் வெடிப்பு. முன்சக்கரம் வெடிப்புக்குள் இறங்கும், சைக்கிள் நிற்கும், இவர் மட்டும் போய்க்கொண்டிருப்பார். காயத்துக்குத் தைலம். செயின் எண்ணெயைக் கழுவ மண்ணெண்ணெய்.

"அப்ப அந்தச் சிரிப்பு?"

"ஒருநா வெயிலுமுத்து பிடிச்சிருக்கான்னு நெனச்சு மிதிச்சுக்கிட்டே போறேன். திரும்பிப் பாத்தா அவன் அங்கன கரையில நிக்கான்! நானாத்தான் ஓட்டிருக்கேன்" என்று சொல்லும்போதே அவருக்கு அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்புறம் விழுந்துட்டேன். அது வேற."

சங்கரம்மாளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எங்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா நீ சுந்தரம்மாகிட்டச் சொல்லுவ."

சங்கரம்மாள் எழுந்து அவருக்குக் கை கொடுத்தாள்.

மோர் நின்றது, அதாவது பொடி நின்றது. உச்சிமாகாளி கொஞ்ச நாளைக்கு அவள் எது கொடுத்தாலும், "மொத வாய் நீ சாப்பிடு" என்றார். அவள் முதல் வாய் சாப்பிட்டுக் காட்டினாள். குதிரைவாலிக் கஞ்சி இறங்க ஆரம்பித்தது; பிறகு துவையல்; பிறகு ஒருநாள் அவராகவே, "கருவாடு கெடைக்காதாட்டி?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் முதல் வாய் சாப்பிடப் போனபோது தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இரண்டாவது சோதனையில் பி.டி. தொண்ணூறுக்கு இறங்கியிருந்தது.

"இன்னும் நாப்பதுக்கு வரல. வந்துரும்" என்றாள் டாக்டரம்மா. "ஓட்டை அடைஞ்சாச்சு, சிந்துனத அள்ள நேரமாகும்லா. அடுத்த மாசம் ஒரு தடவ பாத்துக்கிடுவோம். ஓ.டி. ஈரலோட சொத்து மட்டுமில்ல, சதைக்குள்ளயும் உண்டு. நீங்க அந்த வரப்புல விழுந்து விழுந்து எந்திரிச்சதும் அதுல கொஞ்சம் சேந்திருக்கும்."

உச்சிமாகாளி வரப்பைப் பற்றி அவளிடம் எதுவும் திருத்திச் சொல்லவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது ரோட்டோரத்தில் சந்தை கூடியிருந்தது. உளுந்து மூடைகளுக்கும் பானைக்கடைக்கும் நடுவில் ஒரு கூட்டம். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"...வேற யாரையும் கேக்க வேண்டாம் தாயி, கருவேலன்பட்டி உச்சிமாகாளியப் போய்க் கேளுங்க! பொழுதடைஞ்சா நாலு கால்ல வீட்டுக்கு வந்த மனுசன், இன்னைக்கி நேரா நடக்காரு! எதுனால? நம்ம பொடினால!"

உச்சிமாகாளி அப்படியே நின்றுவிட்டார். பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனார்.

"ஏலே! நான்தாம்லே உச்சிமாகாளி!"

பொடிக்காரர் ஒரு கணம்தான் திகைத்தார். அடுத்த கணம் கையை விரித்தார். "பாத்தீங்களா, ஆளே வந்துட்டாரு! எப்பிடி நிக்காருன்னு பாருங்க. ஆடுதாரா? அசையுதாரா?"

"நான் குடிக்கவே இல்ல!"

"கேட்டுக்கோங்க, குடிக்கவே இல்லங்காரு!"

"எப்பவுமே குடிச்சதில்லலே!"

"குடிச்ச நெனப்பே மறந்துபோச்சு! அதாங்க மருந்து!"

பெண்கள் கை நீட்டிப் பொட்டலம் வாங்க ஆரம்பித்தார்கள். உச்சிமாகாளி கத்தக் கத்த வியாபாரம் சூடு பிடித்தது. வியர்த்துக் கொட்ட அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தப் பார்வை சங்கரம்மாளின் மேல் வந்து நின்றது.

 வாயைத் திறந்தால் புருஷனுக்குப் பொடி வைத்தவள் என்கிற பெயர் சாகிறவரைக்கும் போகாது. திறக்காவிட்டால் இத்தனை பொட்டலமும் இத்தனை வீட்டு மோருக்குள்ளே போகும். ரத்தச் சோதனைக் காகிதத்தைப் பையிலிருந்து உருவிக்கொண்டு முன்னால் போனாள்.

"பொடி போட்டது நான்!" என்றாள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அவிய குடிக்கல. நான்தான் குடிக்காருன்னு நெனச்சுப் போட்டேன். ஈரலு நாப்பது இருக்க வேண்டியது எறநூத்தி எம்பதுக்குப் போச்சு. சோறு தண்ணி எறங்கல. சாகக் கெடந்தாரு. இந்தப் பொடியக் குடுத்துக் குடி மறக்காதுத்தா, உசுருதான் போவும்!"

"குடிக்காமலா நாலு கால்ல வந்தாரு?" என்று பொடிக்காரர் மடக்கினார்.

"சைக்கிள் பழகுனாரு! கண்மாய்க்குள்ள விழுந்து விழுந்து சைக்கிள் பழகுனாரு!"

பொடிக்காரர் நீட்டிய பொட்டலம் பாதியில் நின்றது. பிறகு உளுந்து வியாபாரியிலிருந்து பானைக்கடைக்காரி வரை எல்லோரும் சிரித்தார்கள். உச்சிமாகாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்று நான்கு பெண்கள் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்று சண்டை போட்டார்கள். மற்றவர்கள் கொடுக்கவில்லை. இடுப்பில் செருகியது செருகியபடியே நழுவினார்கள். பொடிக்காரர், "அளவு மீறிப் போட்டா நான் என்ன செய்ய?" என்று சொல்லிக்கொண்டே கடையைக் கட்டினார்.

ஊருக்கு நடக்கும்போது பாதி வழி வரைக்கும் உச்சிமாகாளி அந்தத் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. பிறகு சொன்னார்: "குடிச்சான்னே விட்டிருக்கலாம்ட்டி நீ."

அதற்கப்புறம் ஊரில் சங்கரம்மாள் நடமாடுவது சிரமமாகிவிட்டது. ஆண்கள் அவளைப் பார்த்தால் வழி விட்டு ஒதுங்கினார்கள். வீட்டுக்கு வீடு புருஷன்மார் மோரை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தார்கள். ஒரு ஆள் தன் மோரைத் தானே கடைந்துகொள்வதாகக் கேள்வி. பெண்களில் பாதிப் பேர், புருஷன் மானத்தைக் காப்பாற்ற அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்று பேசினார்கள். மிச்சப் பாதி அவளோடு பேசவே இல்லை. சுந்தரம்மாள் கடைசி எடுப்புக்குப் பருத்திக்காட்டுக்கே வரவில்லை. தன் பேரைச் சந்தையில் சொல்லாமல் விட்டதற்காவது வருவாள் என்று சங்கரம்மாள் நினைத்திருந்தாள்.

சித்திரை பாதியில் ஒருநாள் காலையில், அடுப்பில் உலை வைத்திருந்தபோது, பின்வாசலில் சுந்தரம்மாள் நின்றாள். தலை சீவவில்லை.

"ஏட்டி சங்கரம்மா, அந்த டாக்டரம்மா ஏசுவாவளா?"

"எதுக்கு மதினி?"

சுந்தரம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பொட்டலம். பாதிக்கு மேல் காலி.

"உனக்கு வாங்கையில எனக்கும் ஒண்ணு வாங்குனேன். நம்பிக்கையில்ல, சும்மா போட்டுப் பாப்போம்னுதான். நீ சந்தையில சொன்னது காதுக்கு வந்துச்சு. ஆனாலும் நிப்பாட்ட மனசு வரல. என்னைக்காவது ஒருநா விட்டுருவாரு, விட்டுருவாருன்னு..."

"விட்டாரா?"

"எங்க விட்டாரு? அதையும் குடிக்காரு, இதையும் குடிக்காரு." சுந்தரம்மாளின் குரல் உடைந்தது. எத்தனை அடி வாங்கியும் அழாதவள். "கண்ணு மஞ்சளாத் தெரியுதுட்டி."

சங்கரம்மாள் உலையை இறக்கி வைத்தாள். "அண்ணாச்சி எங்க?"

"முன்வாசல்ல உக்காந்திருக்காரு. பல்லப் பாக்கப் போறோம்னு சொல்லிக் கூட்டியாந்திருக்கேன்."

உச்சிமாகாளியிடம், "காட்டுக்கு நீங்க போங்க, நான் கோவில்பட்டிக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். அவர் கடற்கரையின் கண்ணை ஒருதடவை பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

பஸ்ஸில் இரண்டு பெண்களுக்கும் நடுவில் கடற்கரையை உட்கார வைத்திருந்தார்கள். மெலிந்து, சட்டைக்குள் தொலைந்துபோன மாதிரி இருந்தார். "ஒரு பல்லுக்கு ரெண்டு பொம்பளையா?" என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சுந்தரம்மாள் சங்கரம்மாளைப் பார்த்தாள். "நீ சொல்லுதியா?"

"நீங்கதான் சொல்லணும் மதினி. நான் பக்கத்துல இருக்கேன்."

பஸ் ஒரு ஊர் தாண்டியது. இன்னொரு ஊர் தாண்டியது. சுந்தரம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புருஷன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பங்குனிச் சந்தையிலிருந்து தினம் ராத்திரி மோரில் கலந்து கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னாள். கை ஓங்குவாரோ என்று சங்கரம்மாள் தயாராக இருந்தாள்.

கடற்கரை கண்ணைத் திறக்கவில்லை. மூடியபடியே பேசினார்.

"நான் வேற நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"என்ன நெனச்சீங்க?"

"இத்தன வருசத்துல நீ கேக்காம மோரு குடுத்தது இப்பத்தான். பெருங்காயமெல்லாம் போட்டு, கறிவேப்பிலை போட்டு... கசந்துச்சுதான். ஆனா பிரியத்துல குடுக்கா, மிச்சம் வைக்கக் கூடாதுன்னு குடிச்சேன்."

பஸ் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. சுந்தரம்மாள் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினாள். காற்றில் பறந்த தலைமுடியை ஒதுக்கக்கூடத் தோன்றாமல், அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"பிரியத்துலதான் குடுத்தேன்" என்றாள்.